உயர்த்திய சட்டை

அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஐயா. தொடர்ந்து கொலை செய்கிறவனின் மனதைக் காட்டும் படம் என்று மருமகன் யாழ்ப்பாணம் கூட்டிப்போனான். படத்தில் வருகிறவனுக்குக் காதில் குரல் கேட்குமாம், இரத்தத்தைக் கண்டால் சிரிப்பானாம். எனக்கு ஒரு குரலும் கேட்பதில்லை. சாப்பிட்டால் செமிக்கிறது, படுத்தால் நித்திரை வருகிறது.

கடலில் எஞ்சின் நின்றுபோனால் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி உயர்த்துவோம். கண்டவன் தன் வலையை வெட்டிவிட்டாவது உதவிக்குப் போகவேண்டும். ஊர்காவற்றுறையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். என் மகன் டிலோன் சட்டையை உயர்த்தியபோது கச்சான் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று வள்ளக்காரர் கண்டார்கள். ஒருவனும் போகவில்லை. நானும் அன்று கடலில்தான் நின்றேன். என் வலையில் நண்டு நிறையப் பட்டிருந்தது. பிள்ளையின் உடல் அனலைதீவில் ஒதுங்கியது.

செத்தவீட்டில் அந்த மூவரில் ஒருவனான அம்புறோஸ் அழுதழுது சொன்னான்: "மீன் பட்ட சந்தோசப் புளுகத்தில சட்டையைக் காட்டுறான் எண்டு நினைச்சிட்டம், அண்ணை." மற்ற இருவரும், றொஜனும் மிரோஜனும், தலையைக் குனிந்துகொண்டார்கள். மூவருக்கும் நானே தேத்தண்ணீர் கொடுத்தேன். நான் மன்னித்துவிட்டேன் என்று என் மனைவி மேரிசுகந்தி நினைத்தாள்.

பிறகு அவர்களில் ஒவ்வொருவனும் தனியே தொழிலுக்குப் போகும் நாள் பார்த்து, நான் எஞ்சினை நிறுத்திச் சட்டையை உயர்த்தினேன். அம்புறோஸ் வந்தான். சில மாதம் கழித்து றொஜன் வந்தான். இந்த முறை ஓடி வந்தார்கள். என் வள்ளத்தில் ஏறி எஞ்சினைப் பார்க்கக் குனிந்தார்கள். துடுப்பு என் கையில் இருந்தது. ஊர் தேடப் புறப்பட்டபோது முன்வள்ளத்தில் நின்று வழி காட்டியதும் நான்தான், நீரோட்டம் போகாத பக்கமாக. வினை விதைத்தவன் வினை அறுப்பான்.

மிரோஜன் வலையை வெட்டிவிட்டே வந்தான். அதில்தான் அகப்பட்டேன். வெட்டிய வலையைக் கண்டதும், இவனைக் கூப்பிட்டது யார் என்று ஊர் கேட்டது. அந்தப் பக்கம் நின்றது என் வள்ளம் மட்டும்.

மிரோஜனுக்கு அடி சரியாகப் படவில்லை. கடலில் விழுந்தும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, டிலோனுக்குக் கிட்ட நிண்டது உங்கட வள்ளந்தான். நீங்கள் அவனுக்குத் திருப்பிக் கையை ஆட்டினதைக் கண்டுதானே நாங்கள் போகேல்லை" என்றான். விரல்களில் அடித்தேன். விட்டுவிட்டான்.

மூவரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கையை ஆட்டியதும் உண்மை. மீன் பட்ட சந்தோசத்தில் காட்டுகிறான் என்று நினைத்தேன். நான் தகப்பன், அப்படித்தான் நினைப்பேன். அவர்களுக்கல்லவா விளங்கியிருக்கவேண்டும், ஐயா?