வலிக்காத புண்ணைச் சந்தேகித்தவருக்கு

பால்வினை நோய்ப் பிரிவின் பெருமைமிகு தலைமை மருத்துவரே! முகம் சுளிக்கத் தெரியாத மூத்தவரே! கேட்டுக் கேட்டே நோயைத் திணறடித்தவரே! வணக்கம்.

மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கப்பட்ட நம் அறைக்குத் தலைகுனிந்தே வருகிறவர்களிடம், “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. “வலிக்குதா?” என்பதே உங்கள் முதல் கேள்வி. “வலியே இல்லீங்க” என்று ஒருவர் மகிழ்ந்து சொன்னால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்காருவீர்கள். இந்த விசித்திரம் எங்களுக்குப் பிடிபடவே வெகுகாலம் ஆயிற்று.

அந்த லாரி ஓட்டுநர் நினைவிருக்கிறதா? ஒற்றைப் புண், தடித்த ஓரம், தொட்டாலும் வலியில்லை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும், களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டோம். வாசல் வரை போனவரைத் திரும்ப அழைத்தீர்கள்.

“ரத்தத்துல தெரிய நாளாகும்ப்பா. புண்ணையே கேட்டுப் பார்ப்போம்.”

கசிந்த நீரில் ஒரு துளி எடுத்து, கிருமியை இருட்டுப் பின்னணியில் ஒளிரக் காட்டும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தீர்கள். “அட, ஓடி வாங்க!” என்று நீங்கள் போட்ட கூச்சலில், மருந்தாளுநர் முதல் துப்புரவாளர் வரை வரிசையில் நின்று பார்த்தோம். கும்மிருட்டில் வெள்ளிச் சுருள்கள் திருகித் திருகி நகர்ந்தன. சிபிலிஸ் கிருமி! வலிக்காத புண் தானே ஆறிவிடும், நோயோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் வாய்பிளந்து நிற்கையில், நீங்கள் ஓட்டுநர் பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

“வீட்டுல எப்படி இருக்காங்க?”

“மாசமா இருக்கா டாக்டரம்மா. தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவா.” அவர் அழுதேவிட்டார்.

“போனாலும் போகட்டும். புள்ளையோட நல்லபடியா போகட்டும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

கூட்டி வந்தார். அந்தப் பெண்ணின் இரத்தத்திலும் நோய் இருந்தது. இருவருக்கும் பெனிசிலின் ஊசி போட்டீர்கள். பிறந்த குழந்தையைச் சோதித்து, நோயில்லை என்று முடிவு வந்தபோது உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தோம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்கிறார்களா என்று ஆவல் தாங்காமல் கேட்டோம். “அது நமக்கு எதுக்கு?” என்று அடுத்தவரை அழைத்தீர்கள்.

அம்மா! நீங்கள் ஓய்வுபெறும் இன்று இந்த மண்டபத்தில் உங்களால் பிழைத்தவர் ஒருவரும் இல்லை, வரவும் மாட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது எங்கோ ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். தன்னைக் காத்தவர் யாரென்று அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதற்கும் சேர்த்து நாங்களே சொல்கிறோம்: நன்றி அம்மா, நோய்நொடியின்றி நூறாண்டு வாழுங்கள்!

அன்புடன்,
மாடிப்படிக்குக் கீழிருக்கும் உங்கள் ஊழியர்கள்