இறங்காத கலப்பை

— கட்டையா? எதுக்குக் கட்டை?

— கலப்பை மேல தூக்கினபடியே நிக்குதுங்க. முட்டுக் குடுக்காம டிராக்டருக்கு அடியில படுக்கக் கூடாதுங்க.

— கேட்டியாம்மா? மெக்கானிக்குக்கு உசுரு மேல ரொம்ப ஆசையாம். நான் இதே கலப்பைக்கு அடியில படுத்துக் குறட்டை விட்டிருக்கேன். அந்த மூலையில ரெண்டு கட்டை கெடக்கு, எடுத்துப் போடு. மாப்பிள்ளை சாருக்குக் கை வலிக்கப் போகுது.

— போட்டாச்சுப்பா. நான் சீட்டுல ஏறட்டுமா?

— ஏறு. தம்பி, 'மாப்பிள்ளை'ன்னு சொன்னதும் காது குளுந்துடுச்சா? இன்னும் ஆகலை, கேட்டியா? பொண்ணு கேட்டு வந்தே. நான் என்ன சொன்னேன்?

— கலப்பையைத் தூக்கற இந்த லிஃப்டை இறக்கிக் காட்டினா பொண்ணைத் தரேன்னு சொன்னீங்க.

— அரைகுறையாக் கேக்காதே. கட்டிக்கிட்டு இங்கேயே இருக்கணும்னும் சொன்னேன். பின்னாடி விதை மூட்டை ரூமைக் காலி பண்ணித் தரேன். இந்த டிராக்டர், கெணத்து மோட்டார், கதிரடிக்கற மெஷின், எல்லாம் உன் பொறுப்பு. ராஜா மாதிரி இருக்கலாம்.

— என் பட்டறைங்க?

— அது பட்டறையா? நாலு தகரத்தை நட்டு வச்சிட்டுப் பட்டறைங்கறான். இழுத்து மூடு. காத்து பலமா அடிச்சா தானே மூடிக்கும்.

— அப்பா, வண்டியை ஸ்டார்ட் பண்ணவா வேண்டாமா?

— பண்ணுங்க. லிஃப்ட் லிவரை முழுசா கீழ தள்ளுங்க.

— தள்ளுங்களாம்! கலப்பைக் கொழுவைத் தட்டிக் குடுக்கச் சொல்லி இவ உன் பட்டறைக்கு வந்தப்பெல்லாம் இந்த 'ங்க' எங்க போச்சு? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?

— தள்ளிட்டேன். இறங்கலை.

— மேல இழுத்து மறுபடி தள்ளுங்க.

— இறங்கலை.

— அவ தள்ளி இறங்கறதுக்கு நீ எதுக்குடா? வாயிலயே ரிப்பேர் பண்றான். அடியில போ!

— ஆயில் பாக்கறேங்க... ஆயில் சரியா இருக்கு. ஃபில்டரைக் கழட்டிப் பாக்கறேங்க.

— கழட்டு, கழட்டு. கழட்டறதுக்கு என்ன படிப்பு வேணும்? குரங்குகூடக் கழட்டும். மாட்டறப்பதான் மனுசன் வேணும்.

— அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன். அவரு வேலை செய்யட்டும்.

— வேலையா நடக்குது அங்க? படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்கறான். இங்க பாரு தம்பி, இவளை வெளிய குடுக்க நான் ஒண்ணும் கிறுக்கன் இல்லை. இவ ஓட்டுவா, உழுவா, பாத்தி பிடிப்பா. டிரைவர் வச்சா சம்பளம் கேப்பான், லீவு கேப்பான், ஒரு நாள் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான். இவ எங்க போவா? என்னம்மா மூஞ்சியைத் தூக்கற? பொய்யா சொன்னேன்?

— இல்லப்பா. வேலை ஆகட்டும்.

— ஃபில்டர் மாட்டிட்டேங்க. இன்னொரு தடவை தள்ளச் சொல்லுங்க.

— தள்ளிட்டேன். இறங்கலை.

— அப்ப... எனக்குப் புரியலைங்க. இது என்னால ஆகாதுங்க.

— ஆகாதா! இதைச் சொல்லவா இம்மாம் நேரம் என் மண்ணுல உருண்டே? ஒரு லிஃப்டை இறக்க வக்கில்லை, குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வந்துட்டான். நான் போய் வேற ஆளுக்குப் போன் போடறேன். நீ இவனை வெளிய தள்ளிட்டுக் கேட்டைப் பூட்டும்மா. தண்ணிகூடக் குடுக்காதே.

— சரிப்பா.

— ...போயிட்டாரா?

— போனைத் தேடிக்கிட்டு உள்ள போயிட்டாரு. எந்திரிங்க. இறங்காத லிஃப்டுக்கு ஃபில்டரை எதுக்குக் கழட்டினீங்க?

— அடைப்பு இருக்கான்னு...

— யாருகிட்ட கதை விடறீங்க? ஃபில்டர் அடைச்சா கலப்பை ஏறாது. இறங்கறதுக்கு அதோட கனமே போதும். வண்டி ஓட்டறவளுக்கு இதுகூடத் தெரியாதா? சீட்டுக்கு அடியில ஒரு திருகு இருக்கே. ரோட்டுல போறப்ப கலப்பை கீழ விழாம இருக்க மூடுவாங்களே, அதைப் பாத்தீங்களா இல்லையா?

— பாத்தேன். வந்து நின்னதுமே பாத்தேன். இறுக்கி மூடியிருக்கு.

— அப்பாதான் நேத்து ரோட்டுக்கு வண்டியை எடுக்கறப்ப மூடினாரு. மூடினதை மறந்துட்டு, பம்ப் போச்சு, வால்வு போச்சுன்னு வீடு பூரா ஒரே புலம்பல். ரெண்டு சுத்து திருப்பியிருந்தா இறங்கியிருக்கும்.

— கல்யாணமும் ஆகியிருக்கும்.

— அப்புறம் எதுக்கு இந்த நாடகம்? என்னை வேண்டாம்னு நேருக்கு நேரா சொல்ல முதுகெலும்பு இல்லை, அதான?

— உன்னை யார் வேண்டாம்னா? அந்த மூட்டை ரூம்தான் வேண்டாம். உன்னை இந்தச் சீட்டை விட்டு எறக்க மாட்டாரு, என்னை அடியில இருந்து எழுப்ப மாட்டாரு. இங்க இருக்க முடியாதுன்னு நான் நேரா சொன்னா, நீதான் சொல்லிக் குடுத்தேன்னு உன்னைப் பிடிச்சு ஆட்டுவாரு. நான் முட்டாள்னு ஆயிட்டா திட்டு என்னோட போயிடும்.

— ஆகா, பெரிய மனசு! நீங்க திட்டை மூட்டை கட்டிக்கிட்டுப் பட்டறைக்குப் போயிடுவீங்க. நாளைக்குக் காலைல நான் இதே சீட்டுல ஏறணும். அதை யோசிச்சீங்களா?

— ...யோசிக்கலை.

— மெக்கானிக்காம்.

— திருகைத்தான் நீயும் தெரிஞ்சு வச்சிருந்தியே. ஒரு வார்த்தை ஏன் சொல்லலை?

— நீங்க திறக்கறீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு தடவை உங்க கை அதுகிட்ட போச்சு.

— நான் திறந்திருந்தா?

— சரிதான், அப்பாவுக்குச் சம்பளமில்லாம இன்னொரு ஆள் கெடைச்சாச்சுன்னு நெனைச்சிருப்பேன். உங்க மூஞ்சியைக்கூட அப்புறம் பாத்திருக்க மாட்டேன்.

— ஏய்! வெளிய இன்னும் என்ன பேச்சு? அந்தத் தண்டத்தை அனுப்பிட்டியா இல்லையா?

— அனுப்பறேம்பா! கேட்டைப் பூட்டப் போறேன்!... என்ன முழிக்கறீங்க? நடங்க.

— நீ?

— வெளிப்பக்கமா பூட்டணும்னா நானும் வெளிய வந்துதானே ஆகணும்.