தாராளமாக எண்ணியவன்

என்னோடு களப்பணிக்கு வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், போகிற ஊரில் வண்டியை மாமர நிழலாகப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையை ஆரம்பிப்பேன். வெயிலில் சுட்ட இருக்கையில் உட்கார எனக்குப் பிடிக்காது. கம்பிரி கிராமத்திலும் அப்படித்தான் நிறுத்தினோம். அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி விசாரணை அதிகாரி நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன் அம்மா.

என் பெயர் லாமெக். தலைநகர் லிலோங்வேயில், மாவட்டங்களுக்குத் தண்ணீர் நிதி பிரிக்கிற அலுவலகத்தில் பதினாறு வருடம் இருந்தேன். நாங்கள் இஷ்டத்துக்குப் பிரிப்பதாக வெளியே பேசுகிறார்கள். அது பொய். நாடாளுமன்றம் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. எந்த மாவட்டத்தில் செத்துப்போன அடிபம்பு அதிகமோ அதற்கு அதிகப் பங்கு. அமைச்சரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பம்பு செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள் நாங்கள்.

அப்போது தேர்தல் முடிந்து இரண்டு மாதம். ஷிரே ஆற்றங்கரையிலுள்ள சம்பேரா மாவட்டம் மொத்தமாக எதிர்க்கட்சிக்கு வாக்களித்திருந்தது. மேலதிகாரி கும்வெண்டா என்னைக் கூப்பிட்டார். மிரட்டவெல்லாம் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

"சம்பேராவுக்கு நீ போறே லாமெக். கொஞ்சம் தாராளமா எண்ணுப்பா."

"தாராளமான்னா எப்படி சார்?"

"பம்பு நிக்குதா? அப்ப அது பம்புதான். நிக்கிறதைப் போய் ஏன் சாகடிக்கிறே, பாவம்." சிரித்தார். "அமைச்சர் ஊருக்குப் போறவனை மட்டும் கறாரா இருக்கச் சொல்லிட்டேன். கைப்பிடி கிறீச்சுன்னாலே செத்துப்போச்சுன்னு எழுதிருவான்."

நானும் சிரித்தேன். அந்த வருடம் துணை இயக்குநர் பதவி காலியாக இருந்தது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

கம்பிரியின் ஊர்த்தலைவி எனிலேசி. நாற்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். ஊர் நடுவில் அடிபம்பைப் புதுப் பம்பு மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய வாளிகள். பெண்கள் பாடி ஆடி வரவேற்றார்கள். சாப்பாட்டுக்கு முன் எனிலேசியே செம்பு எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

"தலைநகர்ல களியைக்கூட ஸ்பூன்லதான் சாப்பிடுவீங்களாமே? கை இருக்கான்னு பார்க்கத்தான் நானே ஊத்துறேன்."

ஊரே சிரித்தது. கோழி அடித்திருந்தார்கள். விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த இரைப்பைத் துண்டை என் தட்டில் வைத்தாள்.

எங்கள் ஜனங்களை உங்களுக்கும் தெரியும். வந்த விருந்தாளி முன் வீட்டில் இல்லாததைச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் இல்லாத பம்பைக் காட்டி ஒரு மனிதனை உட்கார வைப்பது அவர்களுக்குப் பெரிய அவமானம். அதனால் விடியற்காலையில் அரைமணி நேரம் நடந்து, முதலை கிடக்கிற துறையில் இறங்கி, ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து பம்பைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். எனக்கு அது தெரிந்தது. வாளியின் அடியில் வண்டல் படிந்திருந்தது. பம்பின் வாயில் சிலந்தி வலை. கீழே மண் புழுதியாகக் கிடந்தது. வலை தெரியாத பக்கமாக நின்று படம் எடுத்தேன். படிவத்தில் 'இயங்குகிறது' என்று எழுதினேன். இப்படி இருபத்திரண்டு கிராமம். ஐந்து பம்பில்தான் தண்ணீர் வந்தது. இருபத்திரண்டையும் உயிரோடு வைத்தேன்.

அந்த வருடம் சம்பேராவுக்கு ஒன்றும் போகவில்லை. அமைச்சரின் மாவட்டத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்புகளுக்குப் பக்கத்திலேயே புதுப் பம்பு இறக்கினார்கள். ஜனவரி மழையில் ஆறு கலங்கி, காலரா பிடித்தது. கம்பிரியில் மட்டும் முப்பத்தொரு பேர் செத்தார்கள். எனிலேசியின் இரண்டு மகள்கள் முதலில், ஐந்து நாள் கழித்து அவள். செய்தி வந்தபோது நான் துணை இயக்குநர் நாற்காலியில் இருந்தேன். எழுந்து போய்க் கழிவறையில் வெகுநேரம் நின்றேன். அன்றிலிருந்து கோழி சாப்பிடுவதில்லை. வெட்கமாக இருக்கிறது அம்மா. அந்த ஊர்ப் பெண்கள் எனக்காக ஆடினார்கள்.

முதல் நாள் விசாரணையில், பம்பு ஓடவில்லை என்று ஊரில் யாரும் என்னிடம் வாய் திறக்கவில்லை, அவர்கள் வழக்கமே அவர்களுக்கு எமனாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

கிளம்பும்போது எனிலேசி மாமரத்தடிக்குத் தனியாக வந்தாள். வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஐயா, அந்தப் பம்பு செத்து ரெண்டு மழைக்காலம் ஆச்சு. ஊருக்கு முன்னாடி சொல்ல வாய் வரல. நீங்க உள்ளதை எழுதுங்க. புள்ளைங்க ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்குதுங்க."

"எழுதுறேம்மா."

"இன்னொண்ணு. நான் இப்படி வந்து சொன்னேன்னு ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம். விருந்தாளிகிட்டப் போய் அழுதியான்னு காறித் துப்புவாங்க."

"சொல்லமாட்டேன்" என்றேன். அவள் சந்தோஷமாகக் கையசைத்தாள். வண்டி நகர்ந்தபோது படிவம் என் மடியில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது.

எனிலேசிக்கு இரண்டு வாக்குக் கொடுத்தேன் அம்மா. அவள் வந்து சொன்னதைக் கம்பிரியில் ஒரு ஆளிடமும் நான் இன்றுவரை சொன்னதில்லை. இரண்டில் ஒன்றைக் காப்பாற்றினேன் என்பதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.