புயல் சாரோட பிரேக் டிஸ்க்

சுத்து சுத்துன்னு சுத்தும், தலை சுத்தாது. ரெண்டு பக்கமும் புடிச்சுக் கடிப்பாங்க, வலிக்குதுன்னு சொல்லாது. கடிக்கக் கடிக்கச் சூடாகும், கோவம் மட்டும் வராது. அது என்ன?

சொல்லுங்க தம்பி, பாப்போம்... தெரியலையா? வண்டி வாங்க வந்திருக்கீங்க, இது தெரியலையே. பிரேக் டிஸ்க்குங்க. சக்கரத்துக்குள்ள தட்டு மாதிரி சுத்துமே, அது. ரெண்டு பக்கமும் கடிக்கிறது பிரேக் கட்டை. எங்க பொண்ணு கட்டின விடுகதை. முன்பல்லு விழுந்து அவ வாயில ஒரு ஜன்னல் இருக்கு, அது வழியா இப்படி ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டயர் அடுக்கு மேல ஏறி உக்காந்துக்கிட்டுக் காலாட்டுறா பாருங்க, அவதான். பக்கத்துல குனிஞ்சு நிக்கிறவரு எங்க வீட்டுக்காரரு. மேல தூக்கி வச்சிருக்கிற செவப்புக் காருதான் நீங்க பாக்க வந்தது. சக்கரம் கழட்டியிருக்காங்க, மாட்டினதும் பாக்கலாம். அது வரைக்கும் உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் குட்டை.

நான் கொஞ்சம் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. லைப்ரரில வேலை. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உதட்டு மேல விரல வச்சுக்கிட்டு உஷ், உஷ்னு உக்காந்திருக்கிறவ. வெளிய வந்தா குலுக்கித் தெறந்த சோடா மாதிரிதான். சரி, நீங்க வண்டிக்கு வந்தீங்க, வண்டியப் பத்தியே சொல்றேன்.

வாங்காதீங்க தம்பி. பிரேக் டிஸ்க்கத் தின்னுற வண்டி அது. பிஸ்கட் மாதிரி தின்னுது.

ஆனா நல்ல வண்டி. அதையும் சொல்லணும் இல்ல? அழுத்தினா முதுக சீட்டோட ஒட்டி வச்சிரும். அந்த சத்தம் இருக்கே, வயித்துக்குள்ள யாரோ மேளம்... இல்ல, நீங்க வாங்காதீங்க. எங்க விட்டேன்?

ஆங், எங்க வீட்டுக்காரரு. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காரு, வீட்டுக்குக் கீழேயே. கண்ணு பரிசோதனைக்குப் போயிருக்கீங்களா? ஒரு வில்லைய வச்சு, எடுத்து, இன்னொண்ண வச்சு, 'ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா'ன்னு கேப்பாங்களே, நாள் பூரா அதான் அவருக்குத் தொழில். அது அப்படியே ரத்தத்துல ஊறிப்போச்சு. சட்டை எடுக்கப் போனா ஒண்ணா ரெண்டா. கொழம்புல உப்பு போட்டா, முன்னாடி நல்லாயிருந்துச்சா, இப்பவா. என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை பேர மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாரோ, நான் கேக்கல.

இந்த வண்டிய எதப் பாத்து வாங்கினாருன்னு நெனைக்கிறீங்க? எஞ்சினையா? வேகத்தையா? ஹெட்லைட்ட. அந்தக் கண்ணாடிய இழைச்சவன் மனுஷனே இல்லைன்னு உருகிப்போய், வச்சிருந்த ஒரு பல் டாக்டர்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்துட்டாரு. பந்தயத்துல ஓட்டுற ஜாதி வண்டி தம்பி. அத இவரு எப்படி ஓட்டுவாரு தெரியுமா? தளும்பத் தளும்ப தண்ணி ஊத்தின டம்ளர மடியில வச்சிருக்கிற மாதிரி. சைக்கிள்ல போறவங்க பக்கத்துல வந்து சவுக்கியமான்னு கேட்டுட்டு முந்திக்கிட்டுப் போவாங்க. இவரும் நல்ல சவுக்கியம்னு பதில் சொல்லுவாரு. அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த நாள்ல மாடிப்படி இறங்கினா கடை, வண்டி எதுக்கு?

ஒரு ஞாயித்துக்கிழமை பாருங்க, பிரேக்க மிதிச்சா ஸ்டீரிங்கு கிடுகிடுன்னு நடுங்குது, குளிர்ல பல்லு அடிச்சுக்கிற மாதிரி. இங்கதான் கொண்டாந்தாரு. மெக்கானிக் அண்ணன் சக்கரத்தக் கழட்டினா, டிஸ்க் நீலம் பாரிச்சுக் கிடக்கு. வெந்து போயிருக்கு. அண்ணன் இவர மேலயும் கீழயும் பாத்துட்டு, வண்டிய விரட்டு விரட்டுன்னு விரட்டி, வளைவு வந்ததும் ஏறி மிதிக்கிறவங்களுக்குத்தான் இப்படி ஆகும்னு சொல்லியிருக்காரு. இவரு 'நானா?'ன்னு கேட்டிருக்காரு. 'வேற யாரு சார்?'னாராம் அவரு.

அன்னையில இருந்து இந்தப் பட்டறையில இவருக்குப் பேரு புயல் சார்.

சிரிக்காதீங்க, அவருக்குக் கேட்டுரும். மொதல்ல இல்லவே இல்லைன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்காரு. எவனும் நம்பல. பேசாதவங்கதான் பயங்கரமா ஓட்டுவாங்கன்னு அவங்களுக்குள்ள ஒரு கணக்கு. அப்புறம் என்ன ஆச்சுன்னா, கொஞ்சம் கொஞ்சமா இவருக்கே அது புடிச்சுப்போச்சு. பட்டறைக்கு வர்றப்போ நடையே வேற. ஒரு நாள் கையுறை வாங்கிட்டு வந்து நிக்கிறாரு, தோல்ல, விரல் நுனி இல்லாம. போட்டுக்கிட்டு வண்டிய எடுத்தாரு. அதே டம்ளர், அதே தண்ணி.

சரி, கெட்டியான டிஸ்க்கா போட்டுருவோம்னு முடிவாச்சு. அண்ணன் மூணு மாதிரி குடுத்துவிட்டாரு, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கன்னு. எங்க சாப்பாட்டு மேசையில ரொம்ப நாளு தட்டுக்கு எடமே இல்ல, டிஸ்க்தான். ஒண்ணு வழுவழுன்னு இருக்கும், சாதாரண ரகம். ஒழுங்கா ஓட்டுறவங்களுக்கு அது போதும். ஒண்ணு மேல கோடு கோடா வெட்டியிருக்கும், அது மொரட்டுத்தனமா ஓட்டுறவங்களுக்கு. பிரேக்கப் புடிச்சா லேசா ஒரு ரீங்காரம் போடும். இன்னொண்ணுல ஓட்டை ஓட்டையா போட்டிருக்கும், சல்லடை மாதிரி. அது பாக்க அழகு.

இவரு வரிசையா வச்சு, ஒரு கண்ண மூடி, விளக்க நகத்தி, 'ஒண்ணா ரெண்டா, ரெண்டா மூணா'ன்னு எல்லாரையும் கேட்டாச்சு. பக்கத்து வீட்டம்மாவக் கேட்டாச்சு. கடைக்குக் கண்ணு பாக்க வந்தவங்க, எழுத்துப் பலகையப் படிச்சு முடிச்சதும் டிஸ்க்கையும் பாத்துட்டுப் போகணும். ஒரு பெரியவரு மூணும் மங்கலா தெரியுதுன்னுட்டாரு. கடைசில இவரே ஓட்டை போட்டதத் தேர்ந்தெடுத்தாரு. சக்கரத்துக் கம்பி நடுவுல வெயில் பட்டா மின்னுதாம். ஹெட்லைட்டப் பாத்து வண்டி வாங்கினவரு வேற எத எடுப்பாரு?

இப்ப அதுவும் போச்சு. அவரு கையில வச்சு வெளிச்சத்துக்குக் காட்டிப் பாக்குறாரே, அதேதான். ஒவ்வொரு ஓட்டையில இருந்தும் மயிரிழை மாதிரி விரிசல். கோழி முட்டை ஓட்ட லேசா தட்டினா எப்படி இருக்கும், அப்படி. சூடு தாங்காம வெடிச்சிருக்கு.

அதுல மனுஷன் ஒடிஞ்சுபோயிட்டாரு தம்பி. புயல் பேரு, அந்த நடை, எல்லா விளையாட்டும் போச்சு. கையுறை மட்டும் இன்னைக்குக் கடைசியா ஒரு தடவைன்னு போட்டுக்கிட்டு வந்திருக்காரு. அவரு என்ன நெனைச்சுட்டாருன்னா, தனக்கே தெரியாம தான் வேகமா ஓட்டுறோம்னு நெனைச்சுட்டாரு. தன் கண்ணத் தானே பரிசோதனை பண்ணிக்கிட்டாரு. ஸ்பீடு முள்ளு சரியா தெரியுதா, ரோடு சரியா தெரியுதான்னு. எல்லாம் சரியா இருக்கு, அதான் இன்னும் பயம். போன ஞாயித்துக்கிழமை பாப்பா வண்டில போலாம்னு குதிச்சா, கையப் புடிச்சு நடத்தியே கூட்டிட்டுப் போனாரு. ராத்திரி சாப்பிட உக்காந்தவரு தட்ட நகத்தி வச்சுட்டு, 'புள்ளைய பின்னாடி வச்சுக்கிட்டு இப்படி ஓட்டியிருக்கேன், எனக்கே தெரியலையே'ன்னாரு. மறுநாளே விக்கிறதுக்கு விளம்பரம் குடுத்துட்டாரு. அதப் பாத்துட்டுத்தான் நீங்க வந்தீங்க.

எனக்குச் சோறு இறங்கல. ஆசையா வாங்கின வண்டி. தப்பு பண்ணாதவரு.

என்ன அப்படிப் பாக்குறீங்க?

மத்த நாள்ல யாரு ஓட்டுறாங்கன்னா... அது கிடக்கட்டும். தண்ணி குடிக்கிறீங்களா? அந்த மெஷின்ல குளிர்ந்த தண்ணி வரும்னு எழுதியிருக்கு, வராது.

நல்லா துருவுறீங்க தம்பி. சரி, வெளியாளு, சொன்னா என்ன. பாப்பாவோட ஸ்கூலு மலைக்கு அந்தப் பக்கம். என் லைப்ரரி இந்தப் பக்கம். காலைல அவள விட்டுட்டுத் திரும்பி வரணும். யாரு விடுவா? நான்தான். மெதுவா போன்னு தினமும் மாடில இருந்து கையாட்டுவாரு. நானும் தெருமுனை வரைக்கும் மெதுவாத்தான் போவேன்.

அந்த மலைப்பாதைய நீங்க பாக்கணும். அந்நேரத்துக்கு ஒரு ஈ காக்கா இருக்காது. வளைவுக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் கல்லு இருக்கும், அங்கயே பிரேக்க மிதிக்கணும்னு சொல்லுவாங்க. நான் கல்லு தாண்டி மிதிப்பேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் தாண்டி. பெல்ட்ட நல்லா இழுத்துப் பாத்துட்டுத்தான், சத்தியமா. பாப்பா பின்னாடி இருந்து 'கடி, கடி'ன்னு கத்துவா. பிரேக் கட்டைய. அப்படி வந்ததுதான் அந்த விடுகதை. அவ இருக்கிறப்போ கொஞ்சம்தான். அவள விட்டுட்டு வர்றப்போதான் மிச்சம். நானும் கத்துவேன், வாயத் தெறந்து, இந்தா இவ்வளவு பெருசா. அப்புறம் கீழ வந்து லைப்ரரி வாசல்ல நிறுத்துவேன். சக்கரத்துல இருந்து தீஞ்ச வாடை வரும். உள்ள போய் உக்காந்து, உஷ்.

சொல்லியிருக்கணும். ஒத்துக்கிறேன். தினமும் சாயங்காலம் சொல்லணும்னுதான் வருவேன். சொன்னா சாவிய வாங்கி வச்சுக்குவாரே. அப்புறம் காலைல எழுந்து நான் என்ன பண்றது? அதான் மூணு டிஸ்க்கையும் மேசையில வச்சு என்னைக் கேட்டப்போ கூட, எது வேணும்னு எனக்கு நல்லாத் தெரியும், உங்க இஷ்டம்னுட்டேன்.

இப்ப அண்ணன் ரெண்டு டிஸ்க் எடுத்து வச்சிருக்காரு பாருங்க. விக்கிற வண்டின்னா வழுவழு டிஸ்க்கு போதும்ங்கிறாரு. வச்சுக்கிறதா இருந்தா, புயல் சாருக்குக் கோடு போட்டதத் தவிர வேற எதுவும் தாங்காதுங்கிறாரு. இவரு வழுவழுவுக்குக் கை நீட்டு...

பாப்பா ஏன் டயர விட்டு இறங்குறா?

ஐயோ. அவ என்ன பண்றா பாருங்க. கைய வச்சு ஸ்டீரிங்க வளைக்கிறா. காலத் தூக்கித் தரையில ஓங்கி மிதிக்கிறா. அது நான்தான், தம்பி. நாக்கக் கடிச்சுக்கிறா பாருங்க, அது கூட நான்தான். வாயத் தெறந்துட்டா. போச்சு, போச்சு, கத்துறதையும் காட்டிட்டா. மெக்கானிக் அண்ணன் ஸ்பானரக் கீழ போட்டுட்டாரு.

இவரு என்னைப் பாக்குறாரு. நீங்க கொஞ்சம் நகந்து உக்காருங்க, உங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறேன். வர்றாரு. கதவத் தெறக்குறாரு...

...

கேட்டீங்க இல்ல? நீங்களே கேட்டீங்க. மூணே வார்த்தைதான். 'அப்போ நான் இல்லையா?' சந்தோசத்துல கேட்டாரா, வருத்தத்துல கேட்டாரா, எனக்கு இன்னும் புரியல. மூஞ்சி சிரிச்ச மாதிரியும் இருக்கு, யாரோ பரிசப் புடுங்கிக்கிட்ட மாதிரியும் இருக்கு. நானும் இல்லைன்னு தலையாட்டினேன், அவ்வளவுதான். இந்தா, கையுறையக் கழட்டி என் மடியில போட்டுட்டுப் போறாரு. இன்னும் சூடா இருக்கு.

எந்திரிச்சிட்டீங்களா? அட, கோவமா? சரி சரி, போயிட்டு வாங்க தம்பி, இத விட நல்ல வண்டி அமையும். இல்ல, அமையாது, உண்மையத்தான் சொல்லணும். ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்க, கதவு தெறந்துதான் இருக்கு. டிஸ்க் ரெண்டையும் தூக்கிட்டாரு. ஒரு கையில வழுவழு, ஒரு கையில கோடு போட்டது. பாப்பா முன்னாடி குத்துக்காலிட்டு உக்காந்துட்டாரு. அண்ணன்கிட்ட கேக்கல, என்கிட்ட கேக்கல, அவகிட்ட கேக்குறாரு. ஒண்ணா, ரெண்டான்னு.

ரெண்டுன்னா. கோடு போட்டது.