பதினொரு மணி அனுமதியும் ஐந்து பேச்சாளர்களும்

இன்று இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜனவரி இருபத்தொன்று, சனிக்கிழமை. நேரம் பத்து நாற்பத்தாறு. மண்டபத்தில் நூற்று முப்பத்தெட்டுப் பேர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

மாண்புமிகு தலைவர் அருட்பிரகாசம் அண்ணை அவர்களே! பீலெஃபெல்ட் நகரிலிருந்து இந்தப் பனிமலைக்கு வந்த பெரியோர்களே! பிள்ளைகளுக்கு மூன்று சட்டை மாட்டி, நான்காவதைக் கையில் வைத்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் பனிவிளையாட்டு விழாச் செயலாளரின் விரைவான வணக்கம்!

இந்த மண்டபத்திலிருந்து போட்டிச் சரிவுக்குப் போகும் சாலை யாருடையது? நகரசபையுடையது. அதில் ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டி ஓடலாமா? சிறப்பு அனுமதி இல்லாமல் ஓடக்கூடாது. கார் போகாதா? சாலையைக் கடந்து சரிவில் ஏறும்போது பனியில் புதையும். அப்படியானால் நடக்க முடியாத டொறத்தி அக்கா எப்படிப் போவார்? இதோ, முன்வரிசையில் இருக்கிறார்! மூன்று ஆண்டுகளாக மகள் அஞ்சலா சறுக்குவண்டிப் போட்டியில் இறங்குகிறாள். மூன்று ஆண்டுகளாகத் தாய் இந்த மண்டபத்திலிருந்து கைதட்டலை மட்டும் கேட்கிறார். முழங்காலில் உலோகம், முகத்தில் ஏக்கம்!

நகரசபை அந்த அனுமதியைத் தந்திருக்கிறது. விதிகள் கடினமானவை, ஆனால் தெளிவானவை. முன்னூறு மீட்டர் சாலை. ஒரே வண்டி. நடைவேகம். தாரின் மேல் பனி பரப்ப வேண்டும். இரு முனையிலும் மஞ்சள் மேலங்கியோடு ஆள் நிற்க வேண்டும். பதினொரு மணி முதல் பதினொன்று இருபது வரை. அதன்பின் சாலை பேருந்துக்கு.

சென்ற ஆண்டும் இதே அனுமதி இருந்ததே, என்ன ஆயிற்று? விளக்கேற்றினோம். பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவருக்கும் பொன்னாடை போர்த்தினோம்! வெளியே வந்தபோது பதினொன்று இருபத்தைந்து. வண்டியோட்டி அம்புறோஸ் அண்ணை சாவியைக் கழற்றினார். "இனி ஏலாது தம்பி. பஸ் வருது. நீங்கள் உள்ளுக்குப் போய் மிச்சத்தையும் பேசி முடியுங்கோ."

இம்முறை அனுமதிக்குப் போனபோது நகரசபை அலுவலகப் பெண்மணி ஒரே கேள்வி கேட்டார்: "நேரத்துக்குத் தொடங்குவீர்களா?" பொறியியல் தேர்வில் தடுமாறாத நான், "முயல்வோம்" என்றேன். "இம்முறையும் தவறினால் இனிமேல் கிடையாது" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

என்ன, புஷ்பமலர் அக்கா? "உம்மட பேச்சும் நீளுது" என்கிறீர்களா? ஓம், ஒப்புக்கொள்கிறேன்! இப்போது பத்து ஐம்பத்தொன்று. எனக்குப் பின் ஐந்து பேச்சாளர்கள்.

தலைவர் சொல்கிறார், "என்ர பேச்சு பத்து நிமிஷந்தான், தம்பி." அண்ணை, உங்கள் பத்து நிமிடத்தைச் சென்ற ஆண்டு அளந்தேன். நாற்பத்துமூன்று!

அன்பர்களே! வாழ்த்துரை மாலைவரை காத்திருக்கும், பேருந்து காத்திருக்குமா? பொன்னாடை நாளைக்கும் பளபளக்கும். அஞ்சலா நாளைக்கும் இறங்குவாளா? மேடையில் இருப்பவருக்குத் தோள்நிறையத் துணி போர்த்தும் நாம், முன்வரிசையில் மூன்று ஆண்டுகள் முடங்கிய தாய்க்கு முன்னூறு மீட்டர் தரமாட்டோமா? தருவோமா? உரக்கச் சொல்லுங்கள், தருவோமா?

அதோ! தலைவர் பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். "சரி, சாப்பாட்டுக்குப் பிறகு பேசுறன். எல்லாரும் எழும்புங்கோ!" தட்டுங்கள் கைகளை!

கேட்ட காதுகளுக்கு நன்றி, எழுந்த கால்களுக்கு இரட்டை நன்றி, வணக்கம்! இனி நான் செய்யப்போவது:

1. இந்த ஒலிவாங்கியை அணைத்து, கம்பியையும் பிடுங்குவேன்.
2. டொறத்தி அக்காவை வண்டியில் ஏற்றி, போர்வை சுற்றுவேன்.
3. பதினொரு மணிக்கு மஞ்சள் மேலங்கியோடு சாலையில் நிற்பேன்.
4. அஞ்சலா சறுக்கி இறங்கும்போது அவள் தாயை மறைத்து நிற்பவர் யாராயினும், தலைவரே ஆயினும், விலகச் சொல்வேன்.