பலகையில ஒட்டுன ஜப்பான்காரி

செவுத்துப் படத்த இழுக்காதீங்க தம்பி! பின்னாடி கரப்பான் குடும்பமே இருக்கு. மரவள்ளி மாவுல பச காச்சி ஒட்டுனா வேற என்னா வரும்? மழ பேஞ்சா ஒரு நாத்தம் நாறும் பாருங்க, சோறு எறங்காது. த்தூ.

ஆமா, எல்லாம் எங்க வீட்டுக்காரர் ஒட்டுனதுதான். நல்லசாமின்னா இந்த லிங்கிப் பக்கத்து தோட்டத்துல தெரியாத ஆளு கெடையாது. ரேடியோ படப் பைத்தியம்னுதான் தெரியும். ஞாயித்துக்கெழமயானா போர்டிக்சன் பஸ் ஏறி, ரேடியோக் கடையில கழிச்சுப் போட்ட வெளம்பரத்த எல்லாம் சுருட்டிக்கிட்டு வந்துருவாரு. ஜப்பான்ல அச்சடிச்சதாம், தாளு வழுவழுன்னு இருக்காம். தடவிக்கிட்டே ஒக்காந்திருப்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ரேடியோவா? எங்க வாங்குனாரு? முப்பது படம் இருக்கு, பாடறதுக்கு ஒன்னு இல்ல. பக்கத்து வீட்டு ஆறுமுகம் ரேடியோவத்தான் பலகச் செவுத்து இடுக்குல கேட்டோம். இப்ப நீங்க காடி ஓட்டிக்கிட்டு கோலாலம்பூர்லேருந்து வந்து நிக்கிறீங்க. கோவிச்சுக்காதீங்க, படிச்ச ஆளுக்குமா லா இந்தக் கிறுக்குப் புடிக்கும்?

எழுவத்தெட்டுல வந்த படமா? இருக்கும். அந்த வருசந்தான் எம் பொண்ணு செல்லம் பொறந்தா. அங்க அடுப்படியில நிக்கிறாளே, அவதான். சிரம்பான்ல ரேடியோ செய்யிற பேக்டரியில வேலைக்குக் கூப்புட்டுருக்காங்க. என்னா பிரயோசனம்? ஐசி கேக்குறாங்க, அடையாளக் கார்டு. ஐசிக்குப் போனா பொறந்த சீட்டக் கேக்குறாங்க. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எழுதிக் குடுத்த ஒரே சீட்டு. டிரசரும் செத்துட்டாரு, தோட்டம் கைமாறி பழைய பதிவுப் புஸ்தகமும் போச்சு. பன்னெண்டு வயசுல ஐசி எடுக்க வேண்டியது, சீட்டக் காணோம்னு அப்பவே நின்னு போச்சு. வேலையில சேர வர்ற திங்கக்கெழம கடசி நாளு.

இந்தப் பெரிய படமா? காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு பல்லக் காட்டுறாளே, இதுவா? காச உள்ள வைங்க தம்பி. மத்ததெல்லாம் சும்மாவே அள்ளிக்கிட்டுப் போங்க. அந்த ரேடியோக் கடக்காரர்கிட்ட ஆள் விட்டு ஒங்கள வரச் சொன்னதே நாந்தான். பழைய தாளக் கிழியாம உரிக்கத் தெரிஞ்ச ஆளுன்னாரு.

போன மாசம் சாவப்போற நேரத்துலதான் அந்த மனுசன் வாயத் தொறந்தாரு. பெட்டியில வச்சா கரையான் தின்னுடும்னு, புள்ளையோட சீட்ட பலகையில ஒட்டி அதுக்கு மேல இந்த ஜப்பான்காரிய அப்பிட்டாராம். வீடு பூரா தேடி நான் அழுதேனே, அப்பக்கூட சொல்லல. உரிச்சா படம் பாழாயிடும்னு பாத்தாராம். இவனெல்லாம் ஒரு அப்பன்!

நான் ஈரத்துணி வச்சுப் பாத்தேன். ஓரம் மாவாப் போச்சு. அதோட விட்டுட்டேன்.

மெதுவா உரிங்க தம்பி. ரெண்டுல ஒன்னு கிழிஞ்சுதான் ஆவணும்னா, அந்த ஜப்பான்காரி மூஞ்சி கிழியட்டும்.