சக்களத்தியின் நகல்

விடியற்காலை மூன்று மணி இருக்கும். மலையை ஒட்டி வளைந்து போகிற சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. விளக்குக் கம்பம் கிடையாது. கச்சேரி முடித்துத் திரும்பிய ஒரு வேன் அந்த வளைவில் திரும்பவில்லை... அவ்வளவுதான். உருண்டு போய்க் கீழே எரிந்தது. முன்னால் இருந்த இருவர் கதவு திறந்து வெளியே விழுந்ததால் பிழைத்தார்கள். பின் இருக்கையில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியவர் பிழைக்கவில்லை. கிட்டாரும்தான்.

நம் கச்சேரியை நிறுத்திய இந்த மழை விடுகிற மாதிரி இல்லை. ஸ்பீக்கர் பெட்டிகளை இப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். நான் பார்த்ததல்ல இது. என் நண்பன் ஒருவனுடைய அக்கா கணவருக்கு நடந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டுக் கிட்டார் செய்கிறவர். எல்லோருக்கும் அவர் பட்டறைக்காரர்தான். கதை கட்டுகிற ஆள் இல்லை. பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இறந்தவர் பெரிய ராக் கிட்டார் கலைஞர். மைதானம் நிறையக் கூட்டம் கத்தும். அவர் போய் ஓராண்டு கழித்து அவருடைய மனைவி பட்டறைக்கு வந்தாள். ஒரு கட்டுப் புகைப்படங்களை மேசையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் அந்தக் கிட்டார். பழைய பல் மாதிரி மஞ்சளேறிய வெள்ளை.

"என் சக்களத்தியைத் திரும்பச் செஞ்சு தரணும் அண்ணா."

பட்டறைக்காரர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவதான் அவருக்கு மொத பொண்டாட்டி. நான் ரெண்டாவதா வந்தவ. வெளியூர் போனா எனக்கு ஜன்னல் சீட்டு, இவளுக்கு அவரு மடி."

அவள் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"செஞ்சிடலாம்மா. எதுக்குன்னு சொன்னா வேலைக்கு வசதி. மேடையில வாசிக்கவா? இல்ல, கண்ணாடிப் பெட்டியில வைக்கவா?"

"தூங்கறதுக்கு அண்ணா."

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகாமல் வாசித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தகர மூடியில் மழைத்துளி விழுகிற மாதிரி... பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. இரவில் அவள் படுத்ததும் கணவர் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்படி வாசிப்பாராம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைக் கேட்டுத்தான் தூங்கினாள். அவர் போன பிறகு தூக்கம் வரவில்லை. கண் அசந்தால் பதறி எழுந்துவிடுகிறாள்.

"மைதானத்துல வாசிச்சதெல்லாம் ரெக்கார்டுல இருக்கு. எனக்குன்னு வாசிச்சது எதுலயுமே இல்ல. என் தம்பிக்கு வாசிக்கத் தெரியும். அதே மாதிரி ஒண்ணு இருந்தா, அவன் வாசிக்க, நான் கண்ணை மூடிக்கிட்டு..."

படங்களை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பட்டறைக்காரர் வேலையில் இறங்கினார். மரம் கடைந்து, சாயம் ஏற்றி, கம்பி கட்டிப் புதுக் கிட்டார் செய்வது அவருக்குப் பெரிய காரியமில்லை. அதைப் பழசாக்குவதுதான் வேலை. முழங்கை உரசித் தேய்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். முதுகில் பெல்ட் கொக்கி கீறின கோடுகளைப் பிளேடால் போட்டார். சாவிக்கொத்தால் தட்டி ஓரங்களை நசுக்கினார். சூடும் குளிரும் மாற்றி மாற்றிக் காட்டி வார்னிஷில் வெடிப்பு விழவைத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்து ஒவ்வொரு காயமாக.

கழுத்தின் பின்பக்கம் மட்டும் எந்தப் புகைப்படத்திலும் இல்லை. வாசித்தவரின் கை மறைத்திருந்தது. அவளைக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னாள். வெளிச்சத்தில் அவள் அதைப் பார்த்தது குறைவு. இருட்டில், கணவர் பாத்ரூம் போகும்போது படுக்கையில் வைத்துவிட்டுப் போவார். தடவித்தான் பழக்கம்.

செய்துகொண்டிருந்த கழுத்தை இருட்டில் தடவிக்கொண்டே சொன்னாள். "இங்க வழவழன்னு இருக்கும்... இங்க ஒரு சின்னப் பள்ளம், மோதிரம் இடிச்சது... இல்ல அண்ணா, இன்னும் கொஞ்சம் கீழ."

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, நண்பனின் அக்கா, வாசலில் நின்று கேட்டாளாம். "விளக்கை அணைச்சிட்டு ரெண்டு பேரும் என்னத்தைத் தேடறீங்க?"

"என் புருஷனைத்தான் அக்கா" என்றாள் அவள்.

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய், சமையலறையில் நின்று அழுதிருக்கிறாள்.

கிட்டார் முடிந்தது. எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

"தம்பி வாசிச்சான். ரொம்ப நல்லா இருக்கு அண்ணா. அதுதான் தப்பு."

பழைய கிட்டாரில் ஒரு சுரம் சரியாகப் பேசாதாம். விரலை மேலே இழுத்துக்கொண்டு போகும்போது ஓர் இடத்தில், தீப்பெட்டிக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி 'ங்ஈஈ' என்று இரையும். பட்டறைக்காரருக்கு உடனே விளங்கியது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் ஒன்று தேய்ந்திருந்தால் அப்படித்தான் கேட்கும். கிட்டார் செய்கிறவன் எவனும் அதை விட்டுவைக்க மாட்டான். அரம் போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கித்தான் கை பழகியிருக்கும். கண்ணுக்குத் தெரிந்த காயங்களையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர், கண்ணுக்குத் தெரியாத நோயைத் தன்னை அறியாமலே குணப்படுத்தியிருந்தார்.

"விட்டுட்டுப் போம்மா. கெடுத்துத் தர்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அரத்தை எடுத்தார். நல்ல கட்டை. வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. நாலு இழுப்பு. கம்பியைத் தட்டிப் பார்த்தார். ங்ஈஈ... ஈ இரைந்தது. கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டு, பட்டறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தார். பின்பக்கம்... தகர மூடியில் மழைத்துளி.

வெளியே மழை இல்லை.

டிரம்மர் தம்பி, எங்கே எழுந்திருக்கிறாய்?

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன் அண்ணா. அதுவரைக்கும் சொல்லாதீங்க."

"தனியா போவியாடா?" என்று லைட்காரர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான் பாருங்கள். சரி.

பட்டறைக்காரர் பூட்டைத் திறந்தார். சத்தம் நிற்கவில்லை. வார்னிஷ் வாசனைக்கு மேல் தைல வாசனை. கிட்டார் மாட்டின இடத்திலேயே தொங்குகிறது. கம்பிகள் மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவசரமே இல்லாத வாசிப்பு. மேலே இழுத்து, அந்த இடத்தில் ஈ இரைந்து, மறுபடி முதலிலிருந்து. பயந்தாரா என்று கேட்டால், முதலில் பயமில்லை என்பார். அடுத்தவர் படுக்கையறைக்குள் தட்டாமல் நுழைந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்ததாம். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் பயம் வந்து, வீட்டில் எல்லா விளக்கையும் போட்டார்.

காலையில் அவளுக்குச் சொன்னார். தைல வாசனையையும் சொன்னார்.

"நடுராத்திரியா அண்ணா? அப்ப நான் தூங்கிட்டு இருந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

அன்று இரவு பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். விடியும்வரை கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை.

"ஒரே ஒரு தடவைங்க... நான் வந்திருக்கேன்ல" என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினாளாம். நண்பனின் அக்காவால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த இரவு, களைப்பில் வேலை மேசையிலேயே தலை சாய்த்து அவள் தூங்கிப்போனாள்.

தூங்கியதும் கம்பி அசைந்தது.

பட்டறைக்காரரும் அக்காவும் வாசலில் நின்று கேட்டார்கள். அக்கா உள்ளே ஓடி அவள் தோளைத் தொட்டாள். "எழுந்திரும்மா, வாசிக்கிறாரு!" அவள் கண் திறந்தாள். சுரத்தின் பாதியில் நின்றது. கம்பியை உள்ளங்கையால் அமுக்கினால் எப்படி நிற்கும், அப்படி.

"எங்க?" என்றாள். "எங்க அக்கா?"

பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. "நான் தூங்கின பிறகும் வாசிச்சுக்கிட்டேதான் இருப்பாரு. நடுவுல முழிச்சிட்டா நிறுத்திடுவாரு. 'உன்னை எழுப்பிட்டேனா'ன்னு மன்னிப்புக் கேப்பாரு அண்ணா..."

ரெக்கார்ட் செய்யவில்லையா என்று லைட்காரர் கேட்க வருகிறார், தெரிகிறது. ரெக்கார்ட் செய்தார்கள். நல்ல மைக் வைத்துத்தான். ராத்திரி முழுக்க வாசிப்பு கேட்டது. காலையில் போட்டுப் பார்த்தால் கிட்டார் ஒலி ஒரு துளிகூட இல்லை. அவள் மூச்சு மட்டும். ஏறி, இறங்கி, நடுவில் லேசான குறட்டை.

பட்டறைக்காரர் அணைக்கப் போனார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். முழுக்கக் கேட்டாள்.

"தினமும் அவரு கேட்டது இதுதான் போல" என்றாள்.

அன்றைக்கே கிட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் வீடு மூன்றாவது மாடியில். தம்பி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவள் தனி. நண்பனின் அக்காதான் கேட்டாள், "ராத்திரி அவரு வாசிச்சாரா இல்லையான்னு உனக்கு யாரு சொல்லுவா?"

"யாரும் சொல்ல வேணாம் அக்கா. நான் தூங்கணும்னுதானே வாசிக்கிறாரு. நான் தூங்கிட்டா சரி."

அதன் பிறகு எப்போதாவது போன் செய்வாள். குரல் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறேன் என்பாள். பிறகு மதியமும் தூங்குகிறேன் என்றாள். பிறகு, "வேலைக்குப் போறதை விட்டுட்டேன் அண்ணா. நான் முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அவரு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரேன்னு இருக்கு" என்றாள். பட்டறைக்காரர் திட்டினார். டாக்டரைப் பார்க்கச் சொன்னார். சரி சரி என்றாள், கொட்டாவி விட்டுக்கொண்டே.

ஒரு நாள் காலை, அவளுக்குக் கீழ் வீட்டுக்காரர் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். கிட்டார் பையில் ஒட்டியிருந்த பட்டறைச் சீட்டை ஒருமுறை படிக்கட்டில் பார்த்து எண்ணைக் குறித்து வைத்திருந்தாராம்.

"நீங்கதான் அந்தம்மாவுக்குக் கிட்டார் செஞ்சு கொடுத்தீங்களா? கொஞ்சம் சொல்லி வைங்க சார். நேத்துக் காலையில இருந்து நிறுத்தவே இல்ல. ராத்திரி பூரா. இப்பவும்தான். முன்னெல்லாம் சத்தமே கேக்காது, இப்ப கீழ வரைக்கும் கேக்குது. கதவைத் தட்டினாலும் நிறுத்த மாட்டேங்கறாங்க."

பட்டறைக்காரர் போனை வைக்காமலே ஓடினார்.

கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்துக்கு அடியில் கை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். அறை முழுக்கத் தைல வாசனை. கட்டிலின் அந்தப் பக்கத்தில், அதே போர்வைக்குள் கிட்டார். கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. அத்தனை பேர் உள்ளே வந்தும், ஜன்னலைத் திறந்தும், அவள் தம்பிக்குப் போன் போட்டு யாரோ வாய்விட்டு அழுதும், வாசிப்பு நிற்கவில்லை.

தூக்கிப் போக ஆட்கள் வந்தார்கள். பட்டறைக்காரரும் ஒரு கை கொடுத்தார். குறுகலான படிக்கட்டு. அவர்தான் கடைசியில், அவள் தலைப்பக்கம்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் அவருக்கு உறைத்தது. கிட்டார் மேலே, கட்டிலில் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. ஆனால் மேலே அமைதியாக இருந்தது... வாசிப்பு அவர்களோடு படி இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் தோளுக்குப் பக்கத்தில். அவள் தலை லேசாக ஆடிய இடத்தில் மட்டும், எழுப்பிவிடக் கூடாதென்று, கொஞ்சம் மெதுவாக.